இடஞ்சுழி

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது.
மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரியின் பின்பக்கம்
பெரிதாகிக்கொண்டே வந்தபோது
பின்சீட்டுக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து
"என்னம்மா வண்டி இது" என்றார்.
இறங்கியதும் மூன்று நட்சத்திரம்.

மெக்கானிக் சொன்ன தொகை ஒரு மாதத் தவணையில் பாதி.
டிஸ்க்கும் பேடும் மட்டும் வாங்கிக்கொண்டு
புதுப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தேன்,
மடியில் இரண்டு தோசைக்கல் கனம்.

ஞாயிறு. திருவொற்றியூர், சி பிளாக் வாசல்.
ஜாக்கி ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து
சக்கரம் கழற்றினேன். காலிப்பர் வந்தது.
ஹோஸில் தொங்கவிடாமல்
அதைக் கொடிக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினேன்.
எல்லாம் சொன்ன பேச்சு கேட்டது.
டிஸ்க்கின் முகத்தில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம்,
மூக்குத்தி அளவு.

மூக்குத்தி அளவுதான்.

கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாலை.
குத்துவிளக்கே இங்கே மாதத்தில் பச்சை பிடிக்கும்.
ஆறு வருடம் உப்புக்காற்று குடித்த இரும்பு
தன் ஓட்டையோடு ஒன்றாகிக் கிடந்தது.
எண்ணெய் விட்டேன். டீ குடித்தேன். மறுபடி விட்டேன்.
உள்ளங்கை முழுக்கக் கொடுத்துத் திருப்பினால்
பிளஸ் வாய் கொஞ்சங்கொஞ்சமாய் வட்டமாகிறது.
வழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சத்தம்,
"போ" என்பதுபோல.

பனியன் போட்டவர்கள் சுற்றி நின்றார்கள்.
சூடு காட்டு என்றார் ஒருவர்.
கோக் ஊற்று என்றார் இன்னொருவர்.
ஆம்பளையக் கூப்பிடு என்றது ஒரு பால்கனி.
எதிர்வீட்டு பிலோமினா ஒன்றும் சொல்லவில்லை.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் சம்மட்டியோடு வந்து
"நீ புடி, நான் அடிக்கிறேன்" என்றாள்.

இம்பேக்ட் டிரைவர் ஒரு வினோதம்:
தலையில் அடித்தால் கால் திரும்பும்.
பள்ளிக்கூடத்தில் எங்களிடம் முயன்றது இதைத்தான்.
ஓர் அடி. இன்னொன்று. நாய் எழுந்து இடம் மாறியது.
அம்மி நகர்ந்திருக்கும் அந்நேரத்துக்கு.
ஏழாவதில், காதால் அல்ல, மணிக்கட்டால் கேட்டேன்:
டிக்.
இடஞ்சுழியாக ஒரு கடுகளவு.

மற்றது வரவில்லை. அதன் வாய் கிண்ணமாகிவிட்டது.
டைல்ஸ் வேலை பார்க்கும் மக்பூல் டிரில் கொடுத்தார்.
மூன்றாம் மாடியிலிருந்து வயர் இறக்கினோம்.
இரும்புச் சுருள்கள் முழங்கையில் சுடச்சுட விழ
எட்டு எம்எம் பிட் தலையைத் தின்று முடித்தது.
பின்னாலிருந்து நாலு தட்டு,
அடிபிடித்த இட்லித் தட்டு போல டிஸ்க் விட்டது.

புது ஸ்க்ரூ கேட்டுக் கடைக்குப் போன் போட்டேன்.
ஜவரிலால் சிரித்தார்:
"அது எதுக்கும்மா? கம்பெனில வண்டி கோக்கும்போது
டிஸ்க் விழாம இருக்கப் போடுறது.
சக்கரம் மாட்டி நட்டு முறுக்கிட்டா
அதுக்கு வேலையே இல்ல."

காலை ஒன்பதிலிருந்து மூன்றரை.
வேலையே இல்லாத ஒன்று
அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது.
கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.
பிலோமினாவிடம் சொன்னேன்.
சம்மட்டியைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி
"எங்கூட்டுக்காரர் பேரு
ரேஷன் கார்டுல இன்னும் இருக்கு" என்றாள்.
அவர் கிளம்பிப் போய் பதினோரு வருடம்.

அந்தப் பக்கச் சக்கரத்துக்கு யோசிக்கவில்லை,
நேராக டிரில்.

விளக்கு போட்ட பிறகு உட்கார்ந்து பெடலை மிதித்தேன்.
முதல் மிதி தரைவரை போனது,
இல்லாத படியில் கால் வைத்த மாதிரி.
பயப்படக் கூடாது. பிஸ்டன் இடம் தேடி வருகிறது.
இரண்டாவது பாதியில் நின்றது.
மூன்றாவது கல்.

ஜன்னலில் குனிந்து "ஓடுமா?" என்றாள் பிலோமினா.
"நிக்கும்" என்றேன்.